மினி பிரிட்ஜின் பின்பக்கம் ஃபான் பூட்டினால் சரிவருமா? கரண்ட் எங்கே எடுப்பது?

விசுவமடுப் பெடியன்:
வணக்கம், அவசரமாக ஒரு உதவி. வீட்டில் இருப்பது சின்ன பிரிட்ஜ், ஒற்றைக் கதவு, உள்ளே மேலே குட்டி ஐஸ் பெட்டி. அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. சோளகக் காற்று தொடங்கியதில் இருந்து பகலில் உள்ளே 12, 13 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை, தேர்மோமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். ராத்திரியில் 6க்கு வந்துவிடும். தகரக் கூரை, மத்தியானம் வீடே கொதிக்கும். பின்பக்கக் கறுப்புக் கம்பிக்கூட்டில் கை வைக்க முடியவில்லை. கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும், இடைக்கிடை 'டிக்' என்று நின்றுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கும். பழைய கொம்பியூட்டரில் கழற்றின 12 வோல்ற் ஃபான் ஒன்று கையில் இருக்கிறது. பிரிட்ஜுக்குப் போகிற வயரிலேயே அதற்கும் கரண்ட் எடுக்கலாமா?

மாங்குளம் வாசி:
தம்பி, முதலில் பிரிட்ஜைச் சுவரில் இருந்து ஒரு சாண் வெளியே இழுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பிக்கூட்டுத் தூசியைப் பழைய பெயின்ற் பிரஷால் தட்டுங்கள். கிரவல் றோட்டோர வீடென்றால் அங்கே செம்மண் படை படையாக ஒட்டியிருக்கும்.

விசுவமடுப் பெடியன்:
செய்துவிட்டேன் அண்ணை, நிறைய மண் வந்தது. இப்போது பகலில் 10. இன்னும் போதாது.

கிளிநொச்சி பிரிட்ஜ்காரன்:
ஃபான் உதவுமா என்பதைக் கையாலேயே பார்க்கலாம். இருபது நிமிடம் ஓடின பிறகு கூடு மேலிருந்து கீழ்வரை சுட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் நிற்கிறது, ஃபான் வேலை செய்யும். முதல் ஒன்றிரண்டு வளைவு மட்டும் சுட்டு மிச்சம் குளிர்ந்து கிடந்தால் காஸ் குறைந்துவிட்டது, பத்து ஃபான் பூட்டினாலும் பலனில்லை. உங்களுடையது முதல் ரகம் போலத்தான் தெரிகிறது. அந்த 'டிக்', கொம்பிரசரோடு ஒட்டியிருக்கும் ஓவர்லோட் பாதுகாப்பு. சூடு கூடினால் அது வெட்டிவிடும். லைன் கடைசியில் வீடு இருந்து வோல்ற் விழுந்தாலும் வெட்டும், அதையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கரண்ட் விஷயம். 12 வோல்ற் ஃபானை 230இல் கொடுத்தால் அந்த இடத்திலேயே எரியும், 12 வோல்ற் 1 அம்பியர் அடப்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பிரிட்ஜ் ஓடும்போது மட்டும் சுற்ற வேண்டுமென்றால், தேர்மோஸ்டாட்டில் (உள்ளே இருக்கும் குளிரைப் பார்த்துக் கொம்பிரசரை ஓட்டி நிறுத்துகிற சுவிட்ச்) இருந்து கொம்பிரசருக்குப் போகிற வயரிலும் நியூட்ரலிலும் அடப்டரைப் பக்கவாட்டில் இணைக்கலாம், ஓவர்லோடுக்கு முன்னாலேயே. அப்படிச் செய்தால் ஓவர்லோட் வெட்டினாலும் ஃபான் நிற்காமல் சுற்றிக் கொம்பிரசரை ஆற்றும். கொம்பிரசரின் ஸ்டார்ட் முனையைத் தொடவே வேண்டாம்.

ஆனால் வயர் வேலை பழக்கமில்லாத ஆளுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பின்னால் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் காஸ். ஃபான் பூட்ட எங்கேயும் துளை போடாதீர்கள், சில பிரிட்ஜில் சுவருக்குள்ளேயே குழாய் ஓடும்.

லேசான வழி இதுதான். கேஎஸ்டி301 என்று சின்னச் சூட்டுச் சுவிட்ச் கிடைக்கும், 45 பாகை, சூடானால் மூடுகிற, அதாவது கரண்டை விடுகிற வகை என்று கேட்டு வாங்குங்கள். அடப்டரைத் தனிப் பிளக்கில் குத்தி, 12 வோல்ற் பக்கத்துச் சிவப்பு வயரை மட்டும் வெட்டி இந்தச் சுவிட்சை நடுவில் போடுங்கள். சுவிட்சைக் கூட்டின் மேல் குழாயோடு இறுக்கிக் கட்டுங்கள். கூடு சுட்டால் ஃபான் சுற்றும். பிரிட்ஜின் வயரில் கைவைக்கத் தேவையே இல்லை. ஃபானை அடியில், காற்று மேலே போகிற மாதிரி கேபிள் டையால் கூட்டிலேயே கட்டுங்கள். சூடு தானாக மேலே போகிற பக்கத்துக்கே தள்ளினால்தான் நல்லது.

முள்ளியவளை அக்கா:
தம்பி, பிரிட்ஜ் சரியாகும்வரை இன்சுலினைக் கவனியுங்கள். திறக்காதது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டு பிரிட்ஜில் கேட்டு வையுங்கள். ஐஸ் பெட்டியை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், உறைந்துபோனால் பிறகு இளகினாலும் பாவிக்கக் கூடாது. இப்போது பாவிப்பதை, மருந்தோடு வரும் துண்டில் எழுதியிருக்கும் நாள்வரை 30 பாகைக்குக் கீழே வெளியிலும் வைக்கலாம். பொலித்தீன் பையில் சுற்றி, ஈரமண் போட்ட சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து அதற்குள் வைத்தால் சோளகக் காற்றுக்கு நன்றாகக் குளிர்ந்திருக்கும்.

விசுவமடுப் பெடியன்:
அக்கா, அண்ணை, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. சுவிட்ச் வழியிலேயே பூட்டினேன். 'டிக்' சத்தம் நின்றுவிட்டது, மத்தியானம் உள்ளே 6, 7. ஒரே சந்தேகம், பகலில் கொம்பிரசர் நின்ற பிறகும் ஃபான் நிற்காமல் சுற்றுகிறது. சுவிட்ச் பழுதா?

கிளிநொச்சி பிரிட்ஜ்காரன்:
பழுதில்லை. அது 45இல் மூடினால் திறப்பதற்கு 30, 35 வரை ஆற வேண்டும், உங்கள் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அவ்வளவு இறங்காது. இரண்டரை வாற்தான் இழுக்கும், சுற்றட்டும். கரைச்சலாக இருந்தால் 55 பாகைச் சுவிட்ச் வாங்கி மாற்றுங்கள். அடப்டரைக் கொம்பிரசருக்கு மேலே தொங்கவிடாமல் தள்ளி வையுங்கள்.