புதுப்பிப்பு: கலிபோர்னியாவில் வேலை மாறியபோது மூன்று மாதம் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லை, அபராதம் வந்ததா?

பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அபராதம் எதுவும் இல்லை.

மே கடைசியோடு பழைய இன்சூரன்ஸ் முடிந்து, புதிய கம்பெனியில் செப்டம்பர் 15-இல்தான் தொடங்கியது, அதனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். இன்சூரன்ஸ் இல்லாததற்கான அமெரிக்க மத்திய அரசின் அபராதம் 2019 முதல் பூஜ்யம் என்றாலும் கலிபோர்னியா 2020-இல் தன் சொந்த அபராதத்தைக் கொண்டுவந்துவிட்டது. 2023 கணக்குக்கு வருடம் முழுக்க இல்லாமல் இருந்தால் பெரியவருக்கு 900 டாலர், குழந்தைக்கு 450, அல்லது வரித் தாக்கல் வரம்புக்கு மேற்பட்ட குடும்ப வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது.

கைகொடுத்தது 'குறுகிய இடைவெளி' விலக்கைச் சொன்னவரின் யோசனைதான். இன்சூரன்ஸ் இல்லாத காலம் தொடர்ந்து மூன்று மாதம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மாநில வரித் தாக்கலோடு 3853 படிவத்திலேயே கேட்டுவிடலாம், முன்அனுமதி வேண்டாம். கஷ்ட நிலை விலக்குக்குத்தான் கவர்ட் கலிபோர்னியாவில் (மாநில அரசின் மருத்துவ இன்சூரன்ஸ் சந்தை) தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கோப்ராவை (வேலையை விட்ட பிறகும் பழைய கம்பெனி இன்சூரன்ஸை நம் செலவில் தொடரும் வசதி) பின்தேதியிட்டு எடுக்கச் சொன்னார்கள், ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதற்கான 60 நாள் கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தது.

எதிர்பாராத விஷயம், மாதத்தில் ஒரு நாள் இன்சூரன்ஸ் இருந்தாலே அந்த மாதம் முழுதும் இருந்ததாகக் கணக்கு, அதனால் செப்டம்பர் தப்பித்தது. அப்புறம், ஒரே வருடத்தில் இரண்டு இடைவெளி வந்தால் முதலாவதற்கு மட்டுமே இந்த விலக்கு, அடிக்கடி ப்ராஜெக்ட் மாறுபவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.