புதுப்பிப்பு: தத்தெடுத்த சின்ன நாய்க்கு மூக்கில் இரத்தம், காரணம் அட்டை (அது மட்டுமில்லை)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஹட்டன் பக்கம் தத்தெடுத்த 6 கிலோ கலப்பின நாய்க்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல் என்று கேட்டிருந்தேன்.

"மூக்குக்குள் அட்டை, தண்ணீர் காட்டிப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 3 மணித்தியாலம் தண்ணீர் வைக்காமல், பிறகு அகலமான கோப்பையில் குளிர்ந்த தண்ணீரை மூக்கடியில் பிடித்தோம். ஈரம் பட்டதும் அட்டை வெளியே நீளும். வழுக்கும், அதனால் பல் உள்ள இடுக்கி வேண்டும். முதல் முறை வெடுக்கென்று இழுத்ததில் நழுவி உள்ளே போய்விட்டது. மூன்றாம் முறை, அது தானாகப் பிடி விடும்வரை மெல்ல இழுத்தபடியே வைத்திருந்தோம், வந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றவில்லை. மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வேறு வில்லங்கம்.

எதிர்பாராதது: அட்டை போன பிறகும் ஈறு வெளிறியே இருந்தது. மிருக வைத்தியர் இரத்தம் சோதித்ததில் உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. அதற்கு டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 28 நாள். சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். வெறும் வயிற்றில் வாந்திதான். தெளிந்துவிட்டதே என்று இடையில் நிறுத்தக் கூடாது.

கான் (வடிகால்) தண்ணீர், ஓடைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். அட்டை ஏறுவது அங்கேதான்.