அமெரிக்கச் செனட்டில் 60 வாக்கு விதி நீடிக்க வேண்டுமா?

வைகைக்கரை:

2025 அக்டோபர் 1 அன்று முடங்கிய அமெரிக்க அரசு மீண்டும் இயங்க 43 நாட்கள் ஆயின. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் 100 இடங்களில் 53 குடியரசுக் கட்சியிடம் இருந்தன. பிரதிநிதிகள் சபை தற்காலிகச் செலவு மசோதாவை நிறைவேற்றி அனுப்பியிருந்தது; அதிபரும் கையெழுத்திடத் தயாராக இருந்தார். இத்தனை இருந்தும் மசோதா நகரவில்லை. செனட்டில் விவாதத்தை முடித்து ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதிதான் காரணம். அந்த 60 கிடைக்கவிடாமல் மசோதாவை முடக்கும் வழக்கத்தைத்தான் ஃபிலிபஸ்டர் என்கிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று, மசோதாவைத் தடுத்த ஜனநாயகக் கட்சியினர் முன்வைத்த கோரிக்கை எனக்கும் உடன்பாடானதே. ஆனால், என் கோரிக்கைக்குத் துணைநின்றது என்பதற்காக ஒரு தவறான விதியை நான் ஆதரிக்க முடியாது. இந்த விதி அமெரிக்க அரசியல் சட்டத்தில் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவது, அதிபரின் மறுப்பை முறியடிப்பது, உறுப்பினரை வெளியேற்றுவது, அரசியல் சட்டத்தைத் திருத்துவது என்று எங்கெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு தேவையோ அங்கெல்லாம் அச்சட்டம் அதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. சாதாரணச் சட்டத்துக்கு அப்படி எழுதவில்லை. சிறுபான்மையின் கையில் தடுப்பதிகாரத்தைக் கொடுத்தால் அரசு செயலற்றுப்போகும் என்று, அரசியல் சட்டத்தை ஆதரித்து எழுதிய தலைவர்களில் ஒருவரான ஹாமில்டன் 22ஆம் ஃபெடரலிஸ்ட் கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். 1806இல் செனட் தன் விதிகளைச் சீர்செய்தபோது விவாதத்தை முடிப்பதற்கான பழைய தீர்மான முறை கைவிடப்பட்டது. அந்த இடைவெளியில் பின்னாளில் முளைத்ததுதான் இந்த வழக்கம். 2020 கணக்கெடுப்பில் 5,76,851 பேர் வாழ்ந்த வயோமிங்குக்கும், 3 கோடியே 95 லட்சம் பேர் வாழ்ந்த கலிபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடங்கள். ஏற்கெனவே சிறுபான்மைக்குச் சாய்ந்திருக்கும் அவையில் இன்னொரு தடையும் எதற்கு?

செங்கொன்றை:

வைகைக்கரை அவர்களே, தாங்கள் ஆதரிக்கும் கோரிக்கைக்கு உதவிய ஒரு விதியையே எதிர்க்க முன்வந்த நேர்மையை மதிக்கிறேன். ஆயினும் தங்கள் முடிவு எனக்கு ஏற்புடையதன்று. இரண்டு ஆண்டுக்கொருமுறை தேர்தல் வந்து, 51 பேர் இயற்றிய சட்டத்தை அடுத்த 51 பேர் நீக்கிவிடலாம் என்ற நிலை வந்தால், அந்தச் சட்டத்தை நம்பித் தொழிலோ குடும்பமோ அமைத்துக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள்? 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செனட்டில் அதற்கு 60 வாக்குகள் கிடைத்தன. 2017இல் அதை எதிர்த்த குடியரசுக் கட்சி இரு அவைகளையும் அதிபர் பதவியையும் கைப்பற்றிய பின்னும் அச்சட்டம் பிழைத்தது என்றால், அதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். ஜூன் 10 அன்று 71-29 என்ற கணக்கில் விவாதம் முடிக்கப்பட்டது. இரு கட்சியினரும் சேராமல் அந்த 71 வந்திருக்காது. தென்மாநிலத்தவரின் எதிர்ப்பை முன்னின்று நடத்திய ரிச்சர்ட் ரஸ்ஸலே, சட்டம் நிறைவேறிய பின் அதற்குக் கீழ்ப்படியுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு வாக்கில் தோற்றவர் அப்படிச் சொல்லியிருப்பாரா?

வைகைக்கரை:

2017 குறித்து ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அந்த நீக்க முயற்சி 60 வாக்குத் தடையில் சிக்கவேயில்லை. வரவு செலவு இணக்க நடைமுறை என்ற தனிவழியில், எளிய பெரும்பான்மையே போதும் என்ற நிலையில்தான் அது வந்தது. ஜூலை 28 அதிகாலை 49-51 என்று அது தோற்றதற்குக் காரணம் மெக்கெய்ன், காலின்ஸ், மர்கௌஸ்கி என்ற மூன்று குடியரசுக் கட்சியினரின் மறுப்பு வாக்குகள். ஏற்கெனவே மக்களின் கையில் இருக்கும் ஒரு பயனைப் பறிப்பது எளிய பெரும்பான்மை முறையிலும் கடினம் என்றுதான் அது காட்டுகிறது.

1964 குறித்துத் தாங்கள் சொன்னதைப் படித்தபோது வருத்தமே மிஞ்சியது. அன்று கலிபோர்னிய உறுப்பினர் கிளேர் எங்கல் மூளைக்கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் அவைக்கு அழைத்துவரப்பட்ட அவர், பெயர் அழைக்கப்பட்டதும் தம் கண்ணைத் தொட்டுக் காட்டியே ஆதரவைத் தெரிவித்தார். அடுத்த மாதமே இறந்துபோனார். அந்த நாளை நாம் போற்றுகிறோம். ஆனால், அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளையும் கணக்கில் வைக்க வேண்டாமா? கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதாவை 1922இலேயே பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் அது தடுத்தே வீழ்த்தப்பட்டது. 2005இல் செனட்டே அந்தத் தவறுக்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் இயற்றியது. சட்டமோ 2022இல்தான் வந்தது.

செங்கொன்றை:

2017 குறித்த திருத்தத்தைப் பாதி ஏற்கிறேன். அந்தத் தனிவழியில் வரவு செலவைத் தொடும் விதிகளை மட்டுமே மாற்ற முடியும் என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. முன்பே நோயுள்ளவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதி அதன் எல்லைக்கு வெளியே நின்றதால்தான் அதை நேரடியாக நீக்க வழியில்லாமல் போனது. 2021இல் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் பிரிவை அதே வழியில் சேர்க்க முடியாது என்று செனட்டின் விதி ஆலோசகர் கூறியதும் இதே அடிப்படையில்தான். ஆக, விதி இரு தரப்பையும் தடுக்கிறது. ஒரு தரப்பை மட்டும் அன்று.

1922 குறித்து எனக்கு மறுப்பில்லை. அது செனட்டின் பெருங்குற்றம். ஆனால், அன்றைய வரம்பு மூன்றில் இரண்டு பங்கு என்பதையும், 1975இல் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏழாம்வாசல்:

இருவரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னை உறுத்துவது எண்ணன்று. தடுப்பவர் இன்று எந்த விலையும் கொடுப்பதில்லை என்பதே. 1957இல் தென்மாநில உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் நின்று பேசினார். அவர் சொன்னவை அருவருப்பானவை. ஆயினும் நாடு அவரை நேரில் பார்த்தது, எதற்காகத் தடுக்கிறார் என்று அறிந்துகொண்டது. 1970களின் தொடக்கத்தில் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மேன்ஸ்ஃபீல்ட் தலைமையில் இரட்டைத்தட முறை வந்தது. ஒரு மசோதா முடங்கிக் கிடக்க, அவை மற்ற வேலைகளைத் தொடரலாம் என்றானது. அலுவல் தடைபடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட அந்த ஏற்பாடே தடுப்பவரின் சுமையை இறக்கிவைத்துவிட்டது. இன்று அவர் நின்று பேச வேண்டியதில்லை, எதிர்க்கப்போவதாகத் தெரிவித்தாலே போதும்.

சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பின், 2013 ஏப்ரலில் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் திருத்தம் வந்தது. 54 பேர் ஆதரித்தும் அது விழுந்தது. அன்று எதிர்த்த எவரும் தம் எதிர்ப்புக்கான காரணத்தை அவையில் மணிக்கணக்கில் நின்று விளக்க நேரவில்லை. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் யோசனை இது. விவாதத்தை முடிப்பவர் 60 பேரைத் திரட்ட வேண்டும் என்பதற்குப் பதிலாக, தொடர விரும்புபவர் 41 பேரை இரவும் பகலும் அவையில் நிறுத்த வேண்டும் என்று விதியைத் திருப்புங்கள்.

செங்கொன்றை:

இந்த யோசனையை நான் ஏற்கிறேன். 41 பேர் உறக்கத்தைத் துறந்து நிற்கும் அளவுக்கு ஒரு மசோதா அவர்களை உறுத்துகிறது என்றால், பெரும்பான்மை நின்று கேட்பது நியாயம். நிற்க மனமில்லையென்றால் வாக்கெடுப்பு நடக்கட்டும். எளிய பெரும்பான்மைக்கு மட்டும் என்னால் இறங்க முடியாது. 2013இல் ஜனநாயகக் கட்சி உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு 60 என்ற வரம்பை 52-48 வாக்கில் அகற்றியது; 2017இல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்கும் அகற்றியது. அதன் பின் வந்த நீதிபதிகளில் பலர் ஏறத்தாழக் கட்சிக் கணக்கிலேயே உறுதிசெய்யப்பட்டார்கள். சட்டங்களும் அந்த வழியில் போவதைப் பார்க்க நான் விரும்பவில்லை.

வைகைக்கரை:

நின்று பேச வைக்கும் முயற்சியை, வாக்குரிமை மசோதாவுக்கு மட்டுமாக, 2022 ஜனவரியில் ஒருமுறை முன்வைத்தார்கள். 50 குடியரசுக் கட்சியினருடன் ஜனநாயகக் கட்சியின் மான்சினும் சினமாவும் சேர்ந்து 52-48 என்று அதைத் தோற்கடித்தார்கள். ஆகவே ஏழாம்வாசல் சொல்வது எளிதில் கிடைக்கும் நடுவழியன்று. கிடைத்தால் இன்றைய நிலையைவிட மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஐயம் தீரவில்லை. 1922இல் தடுத்தவர்கள் தங்கள் எதிர்ப்பை மறைக்கவில்லை, அவையிலேயே வெளிப்படையாகத் தடுத்தார்கள். எதிர்ப்பவர் இடத்தைவிட்டு நகர்வதாக இல்லை என்று கண்டு, மற்ற அலுவல்கள் நின்றுபோகுமே என்று அஞ்சி, அந்த டிசம்பரில் மசோதாவைக் கைவிட்டவர்கள் அதைக் கொண்டுவந்த பெரும்பான்மையினரே. அன்று களைத்தவர்கள் தடுத்தவர்கள் அல்லர்.