அட்மின் மேல் கேஸ் வருமா?

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு இரவு

*மளிகை அண்ணன், 8.04*
(படம்) இந்த ஆள் பிள்ளை பிடிக்கும் கும்பலைச் சேர்ந்தவனாம். எல்லாருக்கும் அனுப்புங்கள்.

_நிர்வாகி இந்தச் செய்தியை நீக்கினார்_

*மளிகை அண்ணன், 8.09*
ஏன் தம்பி அழித்துவிட்டாய்? பிள்ளைகள் விஷயம்.

*நான், 8.11*
அண்ணே, படத்தில் இருப்பவர் நம் தெருவுக்கு சைக்கிளில் போர்வை கொண்டு வருபவர். அது ஒன்று. இன்னொன்று, குழுவில் யார் எதைப் போட்டாலும் அட்மின் உள்ளே போக வேண்டும் என்று ஆபீசில் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. வேறு யாராவது அட்மினாக இருங்கள்.

*டீச்சர் அக்கா, 8.13*
போர்வைக்காரரா! போன மாதம் நானே இரண்டு வாங்கினேன். மீதி 50 ரூபாயைத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

*வக்கீல் அக்கா, 8.20*
தம்பி, பயப்பட வேண்டாம். கரூரில் வக்கீல்கள் குழு ஒன்றில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் வழக்கு போட்டார்கள். 2021 டிசம்பரில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை என்ன சொன்னது தெரியுமா? அவர் வெறும் அட்மின்தான், வேறு பங்கு எதுவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும்.

*வக்கீல் அக்கா, 8.24*
அதே வருடம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழுவில் ஒரு பெண்ணை ஒருவன் கேவலமாகப் பேசியிருக்கிறான். அட்மின் அவனை நீக்கவும் இல்லை, மன்னிப்பு கேட்கச் சொல்லவும் இல்லை. அப்படியும் அட்மின் மேல் போட்ட வழக்கு ரத்தானது. இருவரும் சேர்ந்து திட்டம் போட்டுச் செய்திருந்தால்தான் அட்மின் குற்றவாளி. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது. கடைப்பையன் வேலையில் செய்த தவறுக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டியிருக்கும். அட்மினுக்கும் உறுப்பினருக்கும் அந்த உறவு கிடையாது.

*தலைமையாசிரியர் ஐயா, 8.27*
அம்மா, அப்போது வாட்ஸ்அப் கம்பெனிக்கும் பொறுப்பு இல்லையா?

*வக்கீல் அக்கா, 8.30*
மற்றவர்கள் போடும் பதிவுக்குப் பொறுப்பேற்காமல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-ஆம் பிரிவு அவர்களைக் காக்கிறது ஐயா. ஆனால் நீக்கச் சொல்லி நீதிமன்றமோ அரசோ உத்தரவு போட்ட பிறகும் விட்டுவைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம் என்றிருந்த 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பிலேயே இதுவும் இருக்கிறது.

*மளிகை அண்ணன், 8.32*
சரி, எனக்கு? நான் எழுதவில்லையே. வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்.

*வக்கீல் அக்கா, 8.38*
அண்ணே, உண்மையில் பயப்பட வேண்டிய இடம் அதுதான். நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் கேவலமாக எழுதியதைப் பகிர்ந்தார். சரியாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார், பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். பகிர்வது என்றால் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்றது உயர் நீதிமன்றம். 2023-ல் வழக்கை ரத்து செய்யக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், நடக்கவில்லை. 2024-ல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. போர்வைக்காரர் உங்கள் மேல் அவதூறு வழக்கு போட்டால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குப் போகலாம்.

*டீச்சர் அக்கா, 8.41*
கேஸை விடுங்கள். போளூர் பக்கம் 2018 மே மாதம் நடந்தது மறந்துவிட்டதா? குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம். 65 வயது அம்மா பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்து அந்த அம்மா இறந்தே போனார். அதற்கு முன்னால் எல்லார் போனிலும் சுற்றியது இதே மாதிரி செய்திதான்.

*மளிகை அண்ணன், 8.47*
எனக்குக் கை நடுங்குகிறது. பேத்தியை நினைத்துத்தான் அனுப்பினேன்.

*வக்கீல் அக்கா, 8.50*
தெரியும் அண்ணே. பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர்கள்தான் இதை அதிகம் அனுப்புகிறார்கள்.

*வக்கீல் அக்கா, 8.55*
தம்பி, உனக்கும் ஒன்று. ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது தவிர அட்மினால் எதுவும் முடியாது என்ற நிலையை வைத்துத்தான் அந்தத் தீர்ப்புகள் வந்தன. மற்றவர் செய்தியை அட்மின் அழிக்கும் வசதி அதற்குப் பிறகு, 2022-இல்தான் வந்தது. சட்டம் இன்று உன்னைக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் கையில் பொத்தான் இருக்கும்போது பேசாமல் இருப்பது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இன்று நீ செய்தது சரி. அட்மினாகவே இரு.

*நான், 8.57*
சரி அக்கா. அண்ணே, வேறு எங்கெல்லாம் அனுப்பினீர்கள்?

*மளிகை அண்ணன், 9.02*
கோயில் குழு, வியாபாரிகள் குழு, மச்சான் ஒருவன்.

*வக்கீல் அக்கா, 9.03*
இன்று அனுப்பியதுதானே, 'அனைவருக்கும் நீக்கு' வேலை செய்யும். உடனே செய்யுங்கள். பார்த்தவர்களுக்கு அது பொய் என்று குரல் பதிவும் போடுங்கள்.

*மளிகை அண்ணன், 9.21*
மூன்றிலும் அழித்துவிட்டேன். கோயில் குழுவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள், பதிவு போட்டிருக்கிறேன். மச்சான் அதற்குள் வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டானாம். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் வீடு, நேரில் போகிறேன்.

*டீச்சர் அக்கா, 9.24*
போர்வைக்காரர் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.