குளோரின் கழலாமல் நைட்ரோவை மட்டும் ஒடுக்க: பலேடியமா, பிளாட்டினமா?

புதுக்குடுவை:
4-குளோரோநைட்ரோபென்சீனிலிருந்து 4-குளோரோஅனிலின் வேண்டும். 10% பலேடியம்-கார்பன் (கரியில் ஏற்றிய பலேடியம் வினையூக்கி), எத்தனால், பலூனில் ஹைட்ரஜன். அமீன் வருகிறது, ஆனால் குளோரின் கழன்ற வெறும் அனிலினும் கூடவே வருகிறது. சீக்கிரம் நிறுத்தினால் நைட்ரோ மிஞ்சுகிறது. அலமாரியில் 5% பிளாட்டினம்-கார்பன் இருக்கிறது. அதே எடைக்கு மாற்றிப் போட்டால் சரியா?

வடிதாள்:
மாற்றுங்கள், ஆனால் அதே எடை சரிவராது. பலேடியத்தின் அணு எடை 106, பிளாட்டினத்துக்கு 195. அதோடு உங்களிடம் இருப்பது 5%. ஒரே எடையில் உலோக அணுக்கள் கால்வாசிக்குச் சற்று மேல்தான் இருக்கும். பொடி ஈரமாக விற்கப்படுவதென்றால் பாதி எடை தண்ணீர், லேபிளைப் பாருங்கள். வினை நகரவில்லை என்று பிளாட்டினத்தைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

கார்பன்–குளோரின் பிணைப்பை உடைப்பதில் பலேடியத்துக்கு இருக்கும் வேகம் பிளாட்டினத்துக்கு இல்லை. அதற்காக அடியோடு உடைக்காது என்று எண்ண வேண்டாம். நைட்ரோ தீர்ந்த பிறகும் ஹைட்ரஜனில் விட்டுவைத்தால் கொஞ்சம் கழலும். டி.எல்.சி. (கலவையின் சேர்மங்களைத் தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பார்த்து நிறுத்துங்கள்.

மூன்றாம்புள்ளி:
சல்ஃபைடு ஏற்றிய பிளாட்டினம்-கார்பன் இன்னும் நல்லது, குளோரினைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் மந்தம். பலூன் போதாமல் அழுத்தக்கலனும் சூடும் தேவைப்படலாம்.

புதுக்குடுவை:
நன்றி, சாதாரணப் பிளாட்டினத்தையே முதலில் போடுகிறேன். நைட்ரோவுக்கும் அமீனுக்கும் நடுவில் ஒரு புள்ளி தெரிந்தால்?

வடிதாள்:
ஹைட்ராக்சிலமீனாக இருக்கலாம். பிளாட்டினத்தில் அது தேங்குவதுண்டு. அமிலம் சேர்க்காதீர்கள்: நைட்ரோபென்சீனையே நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் பிளாட்டினத்தோடு ஒடுக்கினால், இடையில் வரும் ஹைட்ராக்சிலமீன் பாம்பெர்கர் மாற்றத்தில் 4-அமினோஃபீனாலாகிவிடும். அளவைப் பெரிதாக்கும்போது தேக்கம் ஒரேயடியாகச் சூட்டைக் கக்கும், அதனால் அந்தப் புள்ளி மறையும்வரை வடிக்கப் போகாதீர்கள். சிறிதளவு வனேடியம் சேர்மம் சேர்த்துத் தேக்கத்தைக் குறைப்பதும் வழக்கம்.

வடிப்பதில்தான் எனக்குப் பயம் அதிகம். நைட்ரஜனால் ஹைட்ரஜனை முழுக்க வெளியேற்றிவிட்டு, செலைட் (வடிகட்ட உதவும் நுண்தூள்) படுகையில் வடியுங்கள். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சவிடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறிய கரி காற்றில் காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும், பக்கத்திலேயே எத்தனால் ஆவி. படுகை ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி, தனிப் புட்டியில் தண்ணீருக்கடியில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் காகிதத்தோடு போட்டு எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிளாட்டினத்தைச் சுத்திகரித்து மீட்கிறார்கள், அந்தப் புட்டிக்கு மதிப்பும் உண்டு.