மெல்லிசைக் குழுவில் முதல் மேடை: பாஸ் கிட்டாருக்கு முதலில் எதை வாங்குவது?

நாலுதந்தி

வணக்கம் அண்ணன்களே. திண்டுக்கல் பக்கம் நான். நாலு வருஷமாகச் சர்ச்சில் பாஸ் வாசிக்கிறேன். நாலு ஸ்ட்ரிங், பாஸிவ் (பேட்டரி இல்லாதது), வீட்டில் ஒரு 15 வாட் ஆம்ப், அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. இப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் கரூரில் கல்யாண ரிசப்ஷன், அதற்குப் பிறகு ஆடியில் இரண்டு அம்மன் கோயில் திருவிழா.

போன ஞாயிறு பரீட்சை மாதிரி ஒரு சின்ன நிகழ்ச்சியில் வாசிக்க வைத்தார்கள். கிட்டாரிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு நீளமான கேபிள் போட்டார்கள். முதலில் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல், அப்புறம் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. வெளியே நின்ற நண்பன் "ஏதோ உருளுது, என்ன நோட்டுன்னு தெரியல" என்றான். நன்றாகத் தயார் செய்துகொண்டு போயும் இப்படி ஆனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. ஐந்து ஸ்ட்ரிங் கிட்டார் வாங்கவா, 100 வாட் ஆம்ப் வாங்கவா, பெடல் வாங்கவா? குழுவில் பாதிப் பேர் ஐந்து ஸ்ட்ரிங் இல்லாமல் முடியாது என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழ்ஸ்தாயி

தம்பி, முதலில் அந்த 30,000 ரூபாயை அப்படியே வைத்துக்கொள். நீ சொன்ன இரண்டு கோளாறுக்கும் கிட்டார் காரணம் இல்லை, ஆம்ப் இல்லாததும் காரணம் இல்லை.

பாஸிவ் பிக்கப்பின் (ஸ்ட்ரிங் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தம்) சிக்னல் நீளமான கேபிளைத் தாங்காது. ஆறு மீட்டர் வரை சரி. அதற்கு மேல் போகப் போகக் கேபிளே மேல் சத்தத்தைத் தின்றுவிடும், வழியில் இருக்கிற லைட் ஒயரின் இரைச்சலையும் வாங்கிக்கொண்டு போகும். போதாததற்கு மிக்ஸரின் லைன் உள்ளீடு இம்பீடன்ஸ் (மின் தடை) குறைவானது, பாஸிவ் பிக்கப்பை அது அமுக்கிவிடும். உன் நண்பனுக்கு "உருளுது" என்று கேட்டது அதனால்தான். இதற்கு மருந்து டிஐ பாக்ஸ், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி. கிட்டாரிலிருந்து பி-38 ஜாக்கில் (வழக்கமான கால் இன்ச் கிட்டார் ஜாக்) சின்னக் கேபிள் டிஐக்கு, டிஐயிலிருந்து கேனன் கேபிள் (மைக்குக்குப் போடுகிற மூன்று பின் எக்ஸ்எல்ஆர்) மிக்ஸருக்கு. அப்புறம் முப்பது மீட்டர் ஓடினாலும் கவலை இல்லை. பாஸிவ் கிட்டாருக்கு ஆக்டிவ் டிஐ (கரண்டில் ஓடுவது) நல்லது, மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் (கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்புகிற சுவிட்ச்) போட்டால் அதற்குக் கரண்ட் வந்துவிடும். சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவருவார் என்று நம்பி இருக்காதே, சொந்தமாக ஒன்று பையில் இருக்க வேண்டும். நான் பதினெட்டு வருஷமாக மேடை ஏறுகிறேன், பாதி இடங்களில் மேடையில் இருக்கிற ஒரே டிஐ என்னுடையதுதான்.

டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். இரைச்சல் வந்தால் அதைத் தள்ளிப் பார். முக்கால்வாசி நேரம் நின்றுவிடும்.

ஒன்று மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதே. இரைச்சலை நிறுத்துவதற்காக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றி விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தேனி பக்கம் ஒரு திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்ட், எர்த்தே இல்லை. நான் ஸ்ட்ரிங்கைப் பிடித்தபடி கோரஸ் பாட மைக்கிடம் குனிந்தேன். உதட்டில் சுள்ளென்று அடித்தது, இடது கை தோள் வரை மரத்துப்போனது. அன்றிலிருந்து ஒரு மல்டிமீட்டர் பையிலேயே இருக்கிறது. ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் இன்னொரு முனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்ப்பேன். பத்து இருபது வோல்ட் காட்டினாலும் எர்த்தைச் சரி செய்யாமல் கிட்டாரைத் தொட மாட்டேன். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

ஐந்து ஸ்ட்ரிங் விஷயத்துக்கு வருகிறேன். நாலு ஸ்ட்ரிங்கில் கடைசி ஸ்வரம் ஈ, அதாவது 3 கட்டை (1 கட்டை சுருதி என்றால் சி, 2 என்றால் டி, 3 என்றால் ஈ). நம் பாட்டுகளில் 1 கட்டை, 2 கட்டை, இரண்டரைக் கட்டை எல்லாம் நிறைய வரும். அதற்கெல்லாம் கீழ் ஷட்ஜம் உன் கிட்டாரில் கிடையாது, ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் வாசிக்க வேண்டும். ஐந்து ஸ்ட்ரிங் கேட்பதற்குக் காரணம் இதுதான், நியாயமான காரணம்தான். ஆனால் விலை குறைந்த ஐந்து ஸ்ட்ரிங்கில் கீழ் பி ஸ்ட்ரிங் தொளதொளவென்று இருக்கும், சுருதி நிற்காது. உன்னிடம் இருப்பதை நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து செட்டப் செய்துகொண்டு ஒரு வருஷம் வாசி. எந்தெந்தப் பாட்டுக்குக் கீழே போக முடியாமல் திணறினாய் என்று உனக்கே அப்போது தெரிந்துவிடும்.

செட்டப் என்றால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் ஈ ஸ்ட்ரிங்கின் உயரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் இரண்டு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அமுக்கினால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி. புது ஸ்ட்ரிங் 45-105 செட் போடு. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னாலேயே போட்டுவிடு, அன்றைக்கே போட்டால் மேடையில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

மிக்ஸர்மேசை

நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது ஸ்ட்ரிங் பி 31 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டபத்துக்கு நாங்கள் கொண்டுவருகிற பாக்ஸ்களில் 31 ஹெர்ட்ஸ் ஏதோ கொஞ்சம் வந்தால் உண்டு. 18 இன்ச் சப் (கீழ்ச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்தாலும் பெரும்பாலும் நாங்களே 40-க்குக் கீழே வெட்டிவிடுவோம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் வீணாக ஆடும். ஜனங்கள் காதில் விழுகிற பாஸ் 80-லிருந்து 200 வரைக்கும், அது என்ன ஸ்வரம் என்று புரிவது 700, 800 பக்கம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "சத்தம் போதவில்லை" என்று நினைத்துக் கிட்டாரிலும் பெடலிலும் பாஸ் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு வருகிறார்கள். அப்படி வந்தால் நான் மேசையில் அதைத்தான் முதலில் குறைக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் நடுவில் வைத்து, டோனைக் கொஞ்சம் திறந்து கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது மண்டபம். டைல்ஸ் தரை, கண்ணாடி, மேலே தகரம். நீங்கள் ஒரு நோட்டை விட்ட பிறகும் அது ஒரு வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குள் அடுத்த நோட்டு வந்து மேலே விழும். எந்தக் கருவி வாங்கினாலும் இது சரியாகாது, விரலால்தான் சரி செய்ய வேண்டும். நோட்டைச் சுருக்கமாக நிறுத்துங்கள். வலது உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்துக் கட்டை விரலால் வாசித்துப் பாருங்கள். இளையராஜா பாட்டுகளில் பாஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும், அதை எல்லோரும் ரசித்து வாசிக்கிறார்கள், ஆனால் ரெக்கார்டிங் அறையில் கேட்கிற அதே நீளத்துக்கு மண்டபத்தில் ஒவ்வொரு நோட்டையும் இழுத்தால் அந்த மெட்டே காணாமல் போய்விடும். வெட்டி வெட்டி வாசித்தால் தெளிவாக நிற்கும்.

அப்புறம் கீபோர்டு இடது கை. இது யாரும் சொல்வதில்லை. பாஸ் வாசிக்க ஆள் இல்லாத நாட்களில் கீபோர்டுகாரர்தான் இடது கையில் பாஸையும் சேர்த்து வாசித்திருப்பார், அந்தப் பழக்கம் போகாது. நீங்களும் அவரும் ஒரே ஸ்தாயியில் வாசிக்கிறீர்கள், கூடவே ரிதம் பேடில் கிக் (கால் ட்ரம் சத்தம்). மூன்றும் சேர்ந்தால் வெறும் உருளல்தான். போன ஞாயிறு உங்களுக்கு நடந்தது பாதி இதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, ஜாக்கைப் பிடுங்குவதற்கு முன் எனக்கு ஒரு கை காட்டுங்கள், இல்லை ட்யூனர் பெடலை மிதித்து மியூட் செய்யுங்கள். சப் எல்லாம் திறந்திருக்கும்போது டொப்பென்று பிடுங்கினால் ஸ்பீக்கருக்கு அது அடி. அந்த ஒரு காரணத்துக்காகவே ட்யூனர் பெடல் வாங்கலாம், Boss கம்பெனியின் டியூ-3 மாதிரி எதுவானாலும் சரி. மற்ற பெடல் எதுவும் முதல் வருஷம் தேவையே இல்லை. வயர்லெஸ் இப்போது வேண்டாம். விலை குறைந்தவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை, வைஃபை, ப்ளூடூத் எல்லாம் ஓடுவதும் அதே இடத்தில்தான். காலி மண்டபத்தில் நன்றாக வேலை செய்யும், கூட்டம் சேர்ந்ததும் விட்டு விட்டு வரும்.

ஈஸ்ட்ரிங்

ஆம்ப் வேண்டாம் என்பதில் நான் ஒத்துப்போகவில்லை. மேலே சொன்னதெல்லாம் நல்ல சவுண்ட் சர்வீஸ் வரும் இடத்துக்குச் சரி. கிராமத்துத் திருவிழாவில் மேடையில் இரண்டே மானிட்டர் (வாசிப்பவர்களுக்குக் கேட்க வைக்கிற ஸ்பீக்கர்), இரண்டும் பாடகர் முன்னால், அதில் குரல் மட்டும்தான் வரும். பின் வரிசையில் நிற்கிற நமக்கு நம் சத்தமே கேட்காது. கேட்காமல் வாசித்தால் விரல் தானாக ஓங்கி அடிக்கும், சுருதியும் போகும், இரண்டாவது மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். எனக்கு இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று.

அதனால் 50-லிருந்து 100 வாட்டுக்குள், பழையதாக ஒரு பாஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) தேடுங்கள். பின்னால் டிஐ அவுட் இருக்கிற மாடலாகப் பாருங்கள், தனி டிஐ வாங்கும் செலவு மிச்சம். அது ஜனங்களுக்கு அல்ல, உங்கள் காதுக்கு. மேடை என்பது தகர பீப்பாய் மேல் பலகை போட்டதுதான், ஆம்பை நேராகப் பலகையில் வைத்தால் மேடையே மத்தளம் மாதிரி அதிரும். நான் ஓர் உறுதியான ஸ்டூலில், கீழே தடிமனான ரப்பர் விரித்து, காதை நோக்கிச் சாய்த்து வைப்பேன். அப்படி வைத்தால் பாதிச் சத்தமே போதும்.

பழையது வாங்கும்போது ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று பாருங்கள். கீழ் ஈ-யைப் பலமாக வாசித்து ஸ்பீக்கர் கோன் கிழிந்த சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். லீட் கிட்டார் ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், பாஸ் வாசித்தால் அந்த ஸ்பீக்கர் தாங்காது.

காதுக்கு ஒரு ஜோடி இயர் பிளக். ட்ரம்ஸ் பக்கத்தில் மூன்று மணி நேரம் நிற்பவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-க்குப் போனால் ஒரு மணி நேரம்தான், மேடை அதையும் தாண்டும்.

நாலுதந்தி

எல்லோருக்கும் நன்றி அண்ணா. இன்று கிட்டாரை செட்டப்புக்குக் கொடுத்துவிட்டேன். டிஐயும் ட்யூனர் பெடலும் வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஆடிக்குள் பழைய காம்போ கிடைத்தால் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். கீபோர்டு வாசிப்பவர் எங்கள் குழுவில் மூத்தவர், என் அப்பா வயது. அவரிடம் இடது கையைக் குறைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது? இன்னொன்று, பாட்டின் நடுவில், இல்லை தொடங்கும் நேரத்தில் "அரைக் கட்டை இறக்குப்பா" என்று பாடகர் சொல்லிவிட்டால் நான் தடுமாறிவிடுகிறேன்.

கீழ்ஸ்தாயி

குறைக்கச் சொல்லிக் கேட்காதே. ரிகர்சலில் தனியாக இருக்கும்போது போய், "சார், சரணத்தில் பாஸ் நகர்வு எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, நீங்கள் இடது கையில் வாசிப்பதை ஒரு தடவை காட்டுங்கள், நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்" என்று கேள். நிச்சயம் காட்டுவார், நீயும் உண்மையிலேயே கற்றுக்கொள்வாய், அவர் வருஷக்கணக்காக அதை வாசித்தவர். நீ சரியாகப் பிடித்துவிட்டாய் என்று தெரிந்தால் அவர் கை தானாக மேலே ஏறிவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

கட்டை மாற்றத்துக்கு ஒரே வழி, காலி ஸ்ட்ரிங்கை நம்பி வாசிக்கிற பழக்கத்தை விடுவது. எந்தப் பாட்டானாலும் விரல் வைத்தே வாசித்துப் பழகு. அப்போது அரைக் கட்டை என்றால் கையை அப்படியே ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும். 3 கட்டையிலிருந்து 4 கட்டைக்கும், 7-லிருந்து மேல் 1-க்கும் ஒரே ஃப்ரெட்தான், நடுவில் அரைக் கட்டை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அவசரத்தில் இங்கேதான் இரண்டு ஃப்ரெட் தாண்டிவிடுகிறார்கள். கீபோர்டுகாரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை (சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்குவது) அழுத்திவிட்டு அதே இடத்தில் விரல் வைத்து வாசிப்பார், ஆகவே அவர் விரலைப் பார்த்து நீ வாசிக்கக் கூடாது. பட்டன் எவ்வளவு என்று கேட்டுக்கொள்.

பாட்டு லிஸ்ட்டைப் பாடகர்களின் கட்டையோடு இப்போதே வாங்கி, ஒவ்வொரு பாட்டுக்கும் பல்லவி, ஃபர்ஸ்ட் பிஜிஎம், சரணம், செகண்ட் பிஜிஎம் என்று பென்சிலில் எழுதி வை. பேனா வேண்டாம், ஆடியில் மழைச் சாரல் பட்டால் அழிந்துவிடும். ரிகர்சல் எப்போது?

நாலுதந்தி

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணா. லிஸ்ட்டில் 22 பாட்டு, ஏழு பாட்டு 2 கட்டைக்குக் கீழே. எழுத ஆரம்பித்துவிட்டேன்.