தொய் சுதேப் கோயிலும் மோங் கிராமமும்: அரை நாளுக்குள் இரண்டையும் அடைக்கலாமா?

மலைவழி:
தாய்லாந்தின் சியாங்மாய்க்குப் போகும் யார் கையிலும் முதலில் திணிக்கப்படுவது இந்த அரை நாள் சுற்றுலாதான். ஒரே வேனில் வாட் பிரதாட் தொய் சுதேப் கோயில், அதைத் தாண்டி தொய் பூய் என்ற ஊர், மோங் எனும் மலைவாழ் இனத்தாரின் கிராமம். கிராமத்தை இதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். மொத்தம் நாலரை மணி நேரம், அதாவது 270 நிமிடம். பழைய நகருக்குள் நான்கைந்து விடுதிகளில் ஆள் ஏற்றவே 40 நிமிடம் போகும். கோயில் 15 கிலோமீட்டர், முழுக்க வளைவுச் சாலை, 40 நிமிடம். கோயிலிலிருந்து பூபிங் அரண்மனை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கிராமம் அதற்கும் அப்பால் அதே அளவு தூரம், குறுகலான சாலை, 25 நிமிடம். திரும்ப நகருக்கு ஒரு மணி நேரம். ஆக 165 நிமிடம் இருக்கையிலேயே கழிகிறது. மீதி 105. கோயிலுக்கு 60 கொடுத்தால் கிராமத்துக்கு 45. அந்த 45 நிமிடத்தில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கடைத்தெரு வழியாக ஏறி, அதே கடைத்தெரு வழியாக இறங்கத்தான் முடியும். அருங்காட்சியகமும் பூந்தோட்டமும் கடைகளுக்கு மேலே இருக்கின்றன. பாதிப் பேர் அங்கே எட்டுவதே இல்லை.

கிராமத்தை விட்டால் பயணத்திலேயே 45 நிமிடம் மிஞ்சும். கோயிலுக்குப் போகும் அதே சாலையில் பாதி வழியில் வாட் பா லாட் இருக்கிறது. சாலை வருவதற்கு முன் நடந்து மலையேறியவர்கள் இளைப்பாறிய இடம். பாறைச் சரிவில் ஓடை வழிந்தோடும். காட்டுக்குள் அப்படி ஓர் அமைதியான கோயில். அங்கே முக்கால் மணி நேரம், மேலே ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு இடங்களையும் நிதானமாகப் பார்க்கலாம்.

குறிஞ்சி:
உங்கள் கூட்டல் கழித்தல் சரி, மலைவழி. வந்து சேர்ந்த முடிவு தவறு. அந்த 270 நிமிடத்தில் வீணாகப் போவது விடுதி விடுதியாக ஆள் ஏற்றும் 40 நிமிடம். எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரச் சொன்னால் அதில் அரை மணி நேரம் மிஞ்சும். அதைக் கிராமத்துக்குக் கொடுத்தால் 75 நிமிடம். அது போதும்.

இன்னொரு மாற்றமும் வேண்டும். வரிசையைத் திருப்ப வேண்டும்: மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி, கோயிலில் நிற்காமல் நேராகக் கிராமத்துக்கு, இறங்கும்போது கோயில். கோயில் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது, நகரம் அதற்குக் கீழே கிழக்கே. காலையில் மேடையில் நின்று நகரத்தைப் பார்த்தால் சூரியன் எதிரே. கண் கூசும், படம் வெளுத்துப் போகும். நான்கு மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், விமான ஓடுபாதைகூடத் தெளிவாகத் தெரியும். சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று சில விளம்பரங்கள் சொல்வதை நம்பாதீர்கள், அது மலைக்குப் பின்னால் மறைகிறது. இந்த நாலரை மணி நேரத்தைத் தாண்டியும் தங்குபவர்களுக்குக் கோயிலில் கிடைப்பது இருட்டிய பின் நகர விளக்குகளும், ஆறு மணி வாக்கில் பிக்குகள் ஓதும் ஒலியும்.

கிராமத்தை ஏன் விடக்கூடாது என்பதற்கு வருகிறேன். தாய்லாந்து மலைகளில் அபின் சாகுபடி போய்ப் பழமும் காய்கறியும் காப்பியும் வந்த கதை தொடங்கிய இடங்களில் ஒன்று இது. 1959-லிருந்து அபின் தடை சட்டத்தில் இருந்தாலும் மலையில் அபின் எடுக்கும் கசகசாச் செடியை வளர்ப்பது நின்றபாடில்லை. அரசர் பூமிபோல் தொய் பூய்க்கு வந்தபோது, அங்குள்ள நாட்டுப் பீச் பழத்திலும் அபினுக்கு இணையான வருமானம் வருவதைக் கேட்டறிந்தார். நல்ல ரகம் கொடுத்தால் அபினை விட வைக்கலாம் என்ற எண்ணத்தில் 1969-ல் அரச திட்டம் பிறந்தது. 1988-ல் அதற்கு மகசேசே விருது கிடைத்தது. இன்று சியாங்மாய்க் கடைகளில் 'தொய் கம்' என்ற பெயரில் வாங்கும் பழச்சாறுக்கு வேர் அங்கேதான்.

மறுபக்கமும் உண்டு. 1981-ல் இந்த மலை தேசியப் பூங்கா ஆனது, கிராமம் அதற்குள்ளே அகப்பட்டது. காட்டை வெட்டிப் புது நிலம் திருத்த முடியாது. விவசாயத்தை விரிக்க வழியில்லாத ஊர் கடைத்தெருவை விரித்தது. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தக் கடைத்தெருவே இந்த வரலாற்றின் விளைவு. அதைச் சொல்லிக் காட்டத்தான் வழிகாட்டி.

நாலுசக்கரம்:
ரெண்டு பேரும் வேன்லயே உக்காந்து பேசறீங்க. செலவைப் பாருங்க. சேர்ந்து போற சுற்றுலா பெரும்பாலும் தலைக்கு 600-லேர்ந்து 900 பாட். கோயில் நுழைவு, மேல போற லிப்ட், கிராம அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்தாலும் 100 பாட்டுக்குப் பக்கமாத்தான் வரும். மிச்சம் வண்டிக்கும் ஆளுக்கும். சிவப்பு சோங்தேவ் (பின்னால எதிரெதிரா பெஞ்சு போட்ட பங்கு வண்டி) சாங் புவாக் வாசல், உயிரியல் பூங்கா, பல்கலைக்கழக வாசல், மூணு இடத்துலயும் நிக்கும். பத்துப் பேர் சேர்ந்தா கிளம்பும், இல்லேன்னா காத்திருக்கணும். நாலு பேர் இருந்தா முழு வண்டியா பேசிடுங்க. பேசறப்பவே "கோயில், தொய் பூய், காத்திருப்பு இத்தனை மணி நேரம், திரும்ப நகரம்" எல்லாத்தையும் சேர்த்து ஒரே விலையா முடிக்கணும். போக மட்டும் பேசிட்டு மேல போய் மாட்டிக்கிட்டா, மாலை நாலு மணிக்கு அப்புறம் கிராமத்துலேர்ந்து இறங்க வண்டி கிடைக்கறது குதிரைக்கொம்பு.

ஸ்கூட்டர் எடுக்கறவங்களுக்கு: அடிவாரத்துல போலீஸ் நின்னு சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைப் பாப்பாங்க. அதுல இருசக்கர வகைக்கு முத்திரை இருக்கணும். கார் முத்திரை மட்டும் இருந்தா அபராதம். விழுந்தா காப்பீடும் கைவிடும், அதுதான் பெரிய நஷ்டம். ஏறுறது சுலபம், ஆபத்து இறங்கறதுல. ரெண்டு பேர் உக்காந்து 15 கிலோமீட்டர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுடும். தானியங்கி ஸ்கூட்டர்ல ஆக்சிலேட்டரை முழுசா விட்டு வேகமும் குறைஞ்சா கிளட்ச் கழண்டு வண்டி சும்மா உருளும், எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. லேசா ஆக்சிலேட்டர் கொடுத்து கிளட்ச்சைப் பிடிக்க வெச்சு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தணும்.

வேன்ல போறவங்களுக்குத் தலைசுத்தல்தான் எதிரி. முன் இருக்கை கேளுங்க. மாத்திரை போடறதா இருந்தா கிளம்ப அரை மணி முன்னாடி. வளைவு ஆரம்பிச்ச அப்புறம் போட்டுப் பிரயோஜனமில்ல.

இப்ப என் கேள்வி: கோயிலுக்கு எதுக்கு வழிகாட்டி? யானைக் கதை பலகையிலயே எழுதியிருக்கே.

குறிஞ்சி:
பலகையில் இருப்பது பாதிக் கதை. சுகோதாயிலிருந்து சுமண தேரர் கொண்டுவந்த புத்தர் தாது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி நகரிலுள்ள வாட் சுவான் தோக்கில் வைக்கப்பட்டது. மற்றதை சியாங்மாயை ஆண்ட லான்னா அரசர் குவேனா ஒரு வெள்ளை யானை மேல் ஏற்றி விட்டார். அது மலையேறி, மூன்று முறை பிளிறி, உயிர்விட்ட இடத்தில் 'சேதி' எனப்படும் தூபி எழுந்தது. கோயில் தோன்றியதாகச் சொல்லும் ஆண்டு 1383. சுவான் தோக்கைச் சொல்லாமல் சுதேப்பைச் சொல்வது பாதிதான். 'சுதேப்' என்ற பெயரே இந்த மலையில் தவமிருந்ததாகச் சொல்லப்படும் வாசுதேவ ரிஷியிடமிருந்து வந்தது. தமிழர் காதுக்கு உடனே பிடிபடும் செய்தி, பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1934 நவம்பரில் குரூபா ஸ்ரீவிச்சை என்ற துறவி தொடங்கினார். ஊர் ஊராக வந்த மக்களின் உழைப்பில் 1935 ஏப்ரலில் முடிந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடிவாரத்தில் அவர் சிலை முன் ஓட்டுநர்கள் கைகூப்பிவிட்டுத்தான் ஏறுவார்கள். வேன் அங்கே ஐந்து நிமிடம் நிற்காவிட்டால் கோயிலுக்கு ஏறும் அந்த 306 நாகப் படிகளுக்கும் பாதிப் பொருள்தான்.

மலைவழி:
கோயிலுக்கு வழிகாட்டி தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெளிநாட்டவர் அந்தத் தொழிலைச் செய்யத் தாய்லாந்துச் சட்டம் இடம் கொடுக்காது. கழுத்தில் உரிம அட்டை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கிராமம் பற்றி நான் மாறவில்லை. வரலாற்றை விளக்கும் வழிகாட்டி ஒருவர் என்றால், "இங்கே அபின், ஹாஹா" என்று பூவைக் காட்டிப் படம் எடுக்கச் சொல்பவர் பலர். கழுத்தில் வளையம் அணிந்த பெண்கள் எங்கே என்று பயணிகள் கேட்கிறார்கள். அவர்கள் கயான் மக்கள், முற்றிலும் வேறு இனம். அதைத் திருத்தாமல் "வேறு சுற்றுலாவில் காட்டுகிறேன்" என்பதுதான் பதிலாக வருகிறது. குழந்தைகளுக்கு உடை அணிவித்துக் காசுக்குப் படம் எடுக்க நிறுத்துவதும் நடக்கிறது. விற்கும் துணியில் எவ்வளவு அந்த ஊர்க் கை வேலை என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

நீலச்சாயம்:
துணி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

மோங் பெண்கள் சணல் வகை நார்த்துணியில் சூடான தேன்மெழுகால் கோடு வரைவார்கள். மூங்கில் பிடியில் செப்புத் தகடுகள் செருகிய சின்னக் கருவி. பிறகு அவுரிச் சாயத்தில் முக்கி, காய வைத்து, மறுபடி முக்கி, வேண்டிய அடர்த்தி வந்ததும் கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். அதன் மேல் குறுக்குத் தையலும் துண்டுத் துணி ஒட்டுவேலையும். கடைசியில் கையால் மடிப்பு வைத்து, நூல் ஓட்டிக் கட்டி வைப்பார்கள். இது நீல மோங் பாவாடை. வெள்ளை மோங் பெண்களின் பழைய பாவாடையில் சாயமே கிடையாது. இத்தனை வேலையும் நடந்த ஒரு பாவாடையை 300 பாட்டுக்கு யாராலும் விற்க முடியாது. அந்த விலைக்குக் கிடைப்பது ஆலையில் அச்சிட்டது.

சோதிப்பது எப்படி? திருப்பிப் பாருங்கள். மெழுகு துணிக்குள் ஊறுவதால் கோலம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சில் பின்பக்கம் வெளிறும். கோடுகளில் மெழுகு வெடித்த மயிரிழை நீலம் தெரிகிறதா, அவை இடத்துக்கு இடம் மாறுகின்றனவா என்று பாருங்கள். அதே வெடிப்பு அடுத்த கட்டத்திலும் அச்சாக வந்தால் அது இயந்திரம். ஈரக் கைக்குட்டையால் தேய்த்து நீலம் ஒட்டினால் அவுரி என்று கடைக்காரர் சொல்வார். செயற்கை அவுரியும் ஒட்டும், எனவே அது சான்றாகாது. துவைத்தாலும் கத்தி மாதிரி நிற்கும் மடிப்பு பாலியெஸ்டர்.

கதைத் துணி என்று ஒன்று காட்டுவார்கள்: போர், ஆறு கடப்பது, முகாம் எல்லாம் தையலில். அழகானது, உண்மையானதும்கூட. ஆனால் அது 1975-க்குப் பின் லாவோஸிலிருந்து மேகாங் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் பான் வினாய் போன்ற அகதி முகாம்களில் வளர்த்த கலை. தொய் பூய் மக்கள் அதற்கு முன்பே இந்த மலையில் குடியிருந்தவர்கள். "எங்கள் ஊர்ப் பாரம்பரியம்" என்று சொல்லி விற்றால் ஏற்காதீர்கள்.

துணிதான் நோக்கம் என்றால் மலையேறவே வேண்டாம். நகரில் வரோரோட் சந்தையை ஒட்டி மோங் வியாபாரிகளின் சந்து இருக்கிறது. பழைய பாவாடைத் துண்டுகள் அங்கே கிடைக்கும்.

குறிஞ்சி:
அருமை, நீலச்சாயம். இது மலைவழிக்குச் சாதகமாகப் போகிறது என்றாலும் ஏற்கிறேன். கிராமத்தில் துணி வாங்க வேண்டாம். பருவத்தில் ஸ்ட்ராபெரி, காப்பிக்கொட்டை, மெக்கடேமியா வாங்குங்கள்.

75 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதலில் கடைகளைத் தாண்டி நேரே மேலே அருங்காட்சியகம், 20 நிமிடம். அதைப் பார்த்தபின் பூந்தோட்டம், 20 நிமிடம்; கசகசாப் பூ குளிர்காலத்தில்தான் இருக்கும். பிறகு கடைத்தெருவுக்குப் பின்னால் மக்கள் குடியிருக்கும் பக்கம் 15 நிமிடம். மோங் வீடு தூண் மேல் நிற்காது, மண் தரையிலேயே நிற்கும். வட தாய்லாந்து மலைகளில் வாழும் கரேன் மக்களின் வீட்டிலிருந்து இதுவே பெரிய வேறுபாடு. அழைத்தால் மட்டும் உள்ளே போங்கள். கதவுக்கு எதிர்ச் சுவரில் பொன், வெள்ளித் தாளும் கோழி இறகும் ஒட்டிய இடம் வீட்டுத் தெய்வத்துக்குரியது. தொடவும் கூடாது, அதன் முன் நின்று படமும் கூடாது. 'மேயோ' என்ற பழைய சொல்லை வாயில் எடுக்காதீர்கள், அவர்களுக்கு அது வசை. மிச்ச நேரம் கடை. காசுக்கு நிற்கும் குழந்தைகளைப் படம் எடுக்க மறுத்துவிடுங்கள், பெரியவர்களிடம் கேட்டு எடுங்கள்.

நாலுசக்கரம்:
பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஏப்ரல் வரை புகைக்காலம், அதை யாரும் சொல்லலையே. வயலும் காடும் எரியறப்ப மேடையிலேர்ந்து கீழ நகரமே தெரியாது. காத்துல இருக்கற நுண்துகள் அளவை (பிஎம் 2.5) பார்த்துட்டு முன்பணம் கட்டுங்க. புத்தர் பண்டிகையான விசாக பூஜைக்கு முந்தின ராத்திரி ஜனங்க அடிவாரத்துலேர்ந்து நடந்தே ஏறுவாங்க. அன்னிக்கு மாலை வண்டியில போற திட்டமே வேண்டாம்.

மலைவழி:
மதியப் பயணம், ஒரே இடத்தில் ஏறுவது, கிராமம் முதலில், கோயில் பிறகு. நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் இதை ஏற்கிறேன். ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஏற்க மாட்டேன். மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும், கிராமச் சாலை வழுக்கும், நாலு மணிக்குக் கோயில் மேகத்துக்குள் இருக்கும். நீங்கள் சொல்லும் ஓடுபாதை தெரியாது. அந்த மாதங்களில் காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், வேன்கள் வருமுன் கோயில், காலணி கழற்றி நிற்கும் தரையும் அப்போது சுடாது. இறங்கும்போது பா லாட், அங்கே ஓடையில் தண்ணீர் நிறைய ஓடும் காலமும் அதுதான். தோளும் முழங்காலும் மறையும் உடை இரண்டு இடத்துக்கும் பொது. கிராமத்துக்கு வேறொரு நாள் தனியாக வண்டி பேசிப் போங்கள்.

குறிஞ்சி:
மழைக்காலத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். அந்த வேறொரு நாளில் தொய் பூயோடு நிற்காமல் குன் சாங் கியன் வரை போங்கள். அதுவும் மோங் ஊர்தான், காப்பித் தோட்டம், கடைத்தெரு நெரிசல் இல்லை; ஜனவரியில் காட்டுச் செர்ரி பூத்து மலையே இளஞ்சிவப்பாக இருக்கும். சாலை இன்னும் குறுகல். எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும், அதனால் பூக்காலத்தில் ஏழு மணிக்கு முன்பே தொய் பூயைத் தாண்டிவிடுங்கள்.